எதிராளிக்கு முதல் இடம்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத் துறவி ஒருவர், இறையியல் படிக்க வரும் இளைஞர்களுக்காகப் பாடநூல் எழுத உட்காருகிறார். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி வருகிறது. எழுதுகிறவர் நாள்தோறும் பூசை வைப்பவர். விடையில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஆனாலும் கேள்விக்குக் கீழே முதலில் அவர் பதிவுசெய்வது, கடவுள் இல்லை என்பவரின் கட்சியைத்தான். எல்லையில்லாத நன்மை ஒன்று இருந்தால் தீமைக்கு இடமே இருக்கக் கூடாது. ஆனால் தீமை கண்முன்னே கிடக்கிறது. இது முதல் வாதம். இயற்கையில் நடப்பதை இயற்கையைக் கொண்டும், மனிதர் செய்வதை மனித அறிவையும் விருப்பத்தையும் கொண்டும் விளக்கிவிடலாம், அதற்கு மேல் ஒருவர் எதற்கு? இது இரண்டாவது.

இன்றைய நாத்திகர் ஒருவரிடம் இந்த இரண்டையும் காட்டினால், அவர் திருத்துவதற்கு அதிகம் இருக்காது. எதிராளியை இப்படி முழுமையாகப் பேசவிட்ட பிறகே துறவி தன் விடையைத் தொடங்குகிறார். விடை முடிந்ததும் மறுபடி எதிர்வாதங்களிடம் திரும்பி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கிறார். 2,600-க்கும் மேற்பட்ட சிறு பகுதிகள் கொண்ட அந்த நூல் முழுக்க இதே ஒழுங்குதான்.

நூலின் பெயர் 'இறையியல் தொகுப்பு'. எழுதியவர் தோமா அக்குவினாஸ். சென்னை சாந்தோமோடு சேர்த்து நாம் நினைக்கும் திருத்தூதர் தோமா வேறு. இவர் அவருக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1225-ஐ ஒட்டி, தென் இத்தாலியின் ரொக்காசெக்கா கோட்டையில் பிறந்தவர். சிவஞான சித்தியாரைப் புரட்டியவர்களுக்கு இந்த எழுத்துமுறை அந்நியமாகத் தோன்றாது. அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்தில் உலகாயதர் முதலானோரின் கொள்கைகளை வரிசையாக நிறுத்தி மறுத்துவிட்டுத்தான் சுபக்கத்துக்கு வருகிறார். அவரும் அதே பதின்மூன்றாம் நூற்றாண்டுக்காரர். ஒருவரை ஒருவர் அறிய வாய்ப்பே இல்லாத இரண்டு ஆசிரியர்கள், எதிர்க்கட்சியைச் சொல்லாமல் சொந்தக் கட்சியைச் சொல்வது முறையல்ல என்று ஒரே காலத்தில் நினைத்திருக்கிறார்கள்.

பாரிஸ் பல்கலைக்கழகத்தில் தோமா பாடம் நடத்திய காலம் கொந்தளிப்பானது. அரிஸ்டாட்டிலின் நூல்கள் அரபு மொழி வழியாகவும் நேரே கிரேக்கத்திலிருந்தும் லத்தீனுக்கு வந்து குவிந்துகொண்டிருந்தன. கூடவே இப்னு சீனா, இப்னு ருஷ்து என்ற இஸ்லாமிய அறிஞர்களும் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞரும் வந்தார்கள். தோமா இவர்கள் அனைவரையும் படித்தார், அனைவரோடும் வாதாடினார். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய இளம்பூரணரை நாம் பெயர் சொல்லாமல் 'உரையாசிரியர்' என்றாலே போதும் அல்லவா, அதேபோல அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிய இப்னு ருஷ்துவை தோமா வெறுமனே 'உரையாசிரியர்' என்றே குறிப்பிடுகிறார். பல இடங்களில் அவரைக் கடுமையாக மறுக்கிறார். மறுக்கும்போதும் அந்தப் பட்டம் மாறுவதில்லை.

1273 டிசம்பரில் ஒரு நாள் பூசை முடிந்து வந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். நூல் பாதியில் நின்றது. மூன்று மாதம் கழித்து, லியோன் நகரில் கூடவிருந்த திருச்சபைச் சங்கத்துக்குப் போகும் வழியில் ஃபோசனோவா மடத்தில் இறந்தார். 1277-இல் பாரிஸ் ஆயர் 219 கருத்துகளைத் தவறானவை என்று தடைசெய்தபோது, அவற்றில் சில தோமாவின் கருத்துகளையும் தொட்டன. அடுத்த அரை நூற்றாண்டுக்குள், 1323-இல், அவருக்குப் புனிதர் பட்டமும் கிடைத்துவிட்டது.

பிறகு சரிவு. மறுமலர்ச்சிக் கால அறிஞர்களுக்கு, இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்த இந்தப் 'பள்ளித் தத்துவம்' முழுவதும் வறட்டுச் சொற்போராகத் தெரிந்தது. ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற நுட்பமான சிந்தனையாளரின் பெயரிலிருந்துதான் ஆங்கிலத்தில் மக்கு மாணவனைக் குறிக்கும் 'டன்ஸ்' என்ற சொல் பிறந்தது. தெக்கார்த்தே எல்லாவற்றையும் சந்தேகித்துப் புதிதாகத் தொடங்கப்போவதாகச் சொன்னார். பிரெஞ்சுப் புரட்சியில் மடங்கள் மூடப்பட்டன. தோமாவின் உடல் வைக்கப்பட்டிருந்த துலூஸ் நகரத்துத் தொமினிக்கன் கோயில் படைமுகாமாகி, அங்கே குதிரைகள் கட்டப்பட்டன. 1800 வாக்கில் கத்தோலிக்கக் குருமடங்களிலேயேகூட அவரை ஆழ்ந்து படித்தவர்கள் குறைவு.

மீட்பு சிறிய இடத்தில் தொடங்கியது. வட இத்தாலியின் பியாசென்சா நகரில் வின்சென்சோ புசெத்தி என்ற குரு தோமாவைப் பாடமாக எடுத்தார். அவரிடம் படித்த சோர்தி சகோதரர்கள் இயேசு சபைக்குள் அந்த ஆர்வத்தைக் கொண்டுபோனார்கள். அது லூயிஜி தாப்பரெல்லி என்ற இயேசு சபையாரைத் தொற்றிக்கொண்டது. தாப்பரெல்லியைப் பற்றி இங்கே ஒரு சொல்: 1840-களில் ஐரோப்பாவில் 'சமூக நீதி' என்ற தொடரைக் கோட்பாட்டுச் சொல்லாக முதலில் கையாண்டவர்களில் அவரும் ஒருவர். நம் மேடைகளில் அந்தத் தொடருக்கு ஏறியிருக்கும் பொருளும் வரலாறும் வேறு. ஆனாலும் அது ஒரு தோமாவியவாதியின் பேனா வழியாகவும் கடந்து வந்திருக்கிறது என்பது அறியத் தக்கது.

தாப்பரெல்லி ரோமில் கல்லூரித் தலைவராக இருந்த நாட்களில் அங்கே படித்த மாணவர்களில் ஒருவர் ஜொவாக்கினோ பெச்சி. பின்னாளில் பெருஜியா நகரின் ஆயராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, தன் அண்ணன் ஜூசெப்பேயின் துணையோடு அங்கே தோமாவைப் பரப்பினார். 1878-இல் அவரே பதின்மூன்றாம் லியோ என்ற பெயரில் போப் ஆனார்.

மறு ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று 'ஏத்தெர்னி பாத்ரிஸ்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். கத்தோலிக்கக் கல்விக்கூடங்கள் எல்லாம் தோமாவின் தத்துவத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அதன் சாரம். தொழிற்புரட்சியும் அறிவியலும் புதிய அரசியலும் எழுப்பிய கேள்விகளுக்குத் திருச்சபையிடம் ஒழுங்கான சிந்தனை இல்லை என்று அவர் உணர்ந்திருந்தார். அதோடு நிற்காமல், தோமாவின் எல்லா நூல்களையும் கையெழுத்துப் படிகளோடு ஒப்பிட்டுப் பிழையறப் பதிப்பிக்க 1880-இல் ஒரு குழுவையும் அமைத்தார். 1891-இல் தொழிலாளர் உரிமை பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற 'ரேரும் நோவாரும்' மடலின் வரைவில் கைவைத்த லிபெரத்தோரே, சிலியாரா இருவரும் இந்தத் தோமாவிய வட்டத்திலிருந்து வந்தவர்களே. தொழிலாளி வாழப் போதுமான கூலியைத் தருவது முதலாளியின் பெருந்தன்மை அல்ல, நீதி என்ற கருத்து அங்கிருந்து கிளம்பியது.

அந்த அலை நம் பக்கத்தையும் தொட்டது. இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகச் சேர்த்து லியோ 1893-இல் கண்டியில் ஒரு குருமடம் நிறுவினார். இந்தத் துணைக்கண்டத்தின் பிள்ளைகளே அதன் குருக்களாக வேண்டும் என்பது நோக்கம். 1955-இல் அது புனேவுக்கு இடம்பெயரும்வரை, மலைநகரம் ஒன்றில் ஆசிய இளைஞர்கள் பள்ளித் தத்துவத்தை லத்தீனில் கற்றார்கள். வங்காளத்தில் பிரம்மபாந்தவ் உபாத்யாய் என்ற சிந்தனையாளர் இன்னும் துணிச்சலான காரியம் செய்தார். அரிஸ்டாட்டிலை வைத்து தோமா செய்ததை வேதாந்தத்தை வைத்து நாம் செய்யலாமே என்று கேட்டார். மாயை என்ற கருத்தை, படைக்கப்பட்ட எதுவும் தன் சொந்த பலத்தில் நிற்பதில்லை என்ற தோமாவின் கருத்தோடு இணைத்துப் படித்தார். அவருடைய கத்தோலிக்கத் தலைமை அந்த முயற்சியை வரவேற்கவில்லை. வரவேற்றிருந்தால் இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனை எங்கே போயிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இந்த மறுப்பில் இயக்கத்தின் பெரிய குறை தெரிகிறது. மேலிருந்து வந்த கட்டளை தோமாவை ஒவ்வொரு குருமடத்துக்குள்ளும் கொண்டுபோனது. ஆனால் போய்ச் சேர்ந்தது அவருடைய நூல் அல்ல, அவரைப் பற்றிய கையேடு. அந்தக் கையேடுகளின் அமைப்பைப் பாருங்கள். முதலில் கொள்கை. அடுத்து அதை மறுப்பவர்களின் பெயர்ப் பட்டியல்: தெக்கார்த்தே, ஹியூம், கான்ட். ஒவ்வொருவருக்கும் ஒன்றிரண்டு வரி. பிறகு நிரூபணம். எதிராளிக்கு முதல் இடம் கொடுத்த மனிதரின் பெயரால், எதிராளியை ஓரத்தில் நிறுத்திவைத்த புத்தகங்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்யப்பட்டன. 1914-இல் தோமாவின் தத்துவத்தை 24 கோட்பாடுகளாகச் சுருக்கி ரோம் வெளியிட்டது. 1917-இன் திருச்சபைச் சட்டம் தோமாவின் முறையில்தான் கற்பிக்க வேண்டும் என்று விதித்தது. தோமாவை அவர் வாழ்ந்த நூற்றாண்டின் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும் என்று வாதாடிய மரி-தொமினிக் ஷெனு என்ற தொமினிக்கன் துறவியின் சிறு புத்தகம் 1942-இல் தடைப்பட்டியலில் ஏறியது. தோமாவின் சொந்தச் சபையைச் சேர்ந்தவர், தோமாவைச் சரியாகப் படிக்கச் சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டார்.

ஆகவே இந்த மீட்பின் உயிருள்ள பகுதியைத் தேடுகிறவர் கையேடுகளை விட்டுவிட்டு வேறு வாசல்களுக்குப் போக வேண்டும்.

ஒரு வாசல் பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகம். அங்கே 1882-இல் தோமாவின் தத்துவத்தைக் கற்பிக்க அமர்த்தப்பட்டவர் தெசிரே மெர்சியே என்ற இளம் குரு. அறிவியல் தெரியாதவன் தத்துவம் பேசக் கூடாது என்பது அவர் பிடிவாதம். 1889-இல் அவர் தொடங்கிய தத்துவ நிறுவனத்தில் உளவியலுக்கு ஆய்வுக்கூடம் அமைந்தது. இயற்பியலும் உடலியலும் பாடத்திட்டத்தில் இருந்தன. பாடத்தை லத்தீனில்தான் நடத்த வேண்டும் என்று ரோமிலிருந்து நெருக்கடி வந்தபோது மெர்சியே பிரெஞ்சுக்காகப் போராடினார். பின்னாளில் பேராயராகி, முதல் உலகப்போரில் பெல்ஜியத்தை ஆக்கிரமித்த ஜெர்மன் படையை எதிர்த்து 1914 கிறிஸ்துமஸ் மடல் எழுதியவரும் அவர்தான்.

அவருடைய நிறுவனம் செய்த மிகப் பெரிய காரியம் அவர் இறந்த பிறகு நடந்தது.

1938 ஏப்ரலில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் எட்மண்ட் ஹுசெர்ல் இறந்தார். நிகழ்வியல் என்ற தத்துவமுறையின் தந்தை. பிறப்பால் யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் பல்கலைக்கழகக் கதவு அவருக்குச் சாத்தப்பட்டிருந்தது. ஆகஸ்டில், லூவேனில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த ஹெர்மன் வான் பிரெடா என்ற இருபத்தேழு வயது பிரான்சிஸ்கன் துறவி, சில கையெழுத்துப் படிகளைப் பார்ப்பதற்காக விதவை மால்வினேயின் வீட்டுக்கு வந்தார். மால்வினே காட்டியது சில தாள்களை அல்ல. பெரும்பகுதி சுருக்கெழுத்தில் எழுதப்பட்ட ஏறக்குறைய 40,000 பக்கங்கள். நாஜிகளின் கையில் சிக்கினால் சாம்பல்தான். முதலில் ஒரு கன்னியாஸ்திரி அவற்றைச் சுவிஸ் எல்லையோரக் கான்ஸ்டன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். எல்லை தாண்டும் திட்டம் கைகூடவில்லை. கடைசியில் வான் பிரெடா கனத்த மூன்று பெட்டிகளோடு பெர்லினுக்கு ரயில் ஏறினார். அங்கே பெல்ஜியத் தூதரகத்தில் பெட்டிகளை ஒப்படைத்தார். யாரும் திறந்து சோதிக்க முடியாத தூதரகப் பொதியாக அவை லூவேன் வந்து சேர்ந்தன. மால்வினேயும் பிறகு பெல்ஜியம் வந்து, போர்க்காலம் முழுவதும் லூவேனுக்குப் பக்கத்து மடம் ஒன்றில் மறைந்து வாழ்ந்தார்.

ஹுசெர்ல் தோமாவியவாதி அல்ல. அவரைக் கையேட்டுக்காரர்கள் எதிரிகளின் பட்டியலில்தான் போட்டிருப்பார்கள். இடைக்காலக் கிறிஸ்தவத் தத்துவத்தைப் புதுப்பிக்கத் தொடங்கப்பட்ட நிறுவனம் அவருடைய தாள்களுக்கு உயிரைப் பணயம் வைத்து இடம் கொடுத்தது. ஹுசெர்ல் ஆவணக்காப்பகம் இன்றும் அங்கேயே இருக்கிறது. அவரிடம் உதவியாளராக இருந்த எடித் ஸ்டைன் என்ற யூதப் பெண்ணும் இதே பாதையின் மறுமுனையில் நின்றவர். 1922-இல் கத்தோலிக்கரானார், தோமாவின் 'உண்மை பற்றிய வினாக்கள்' நூலை ஜெர்மனில் பெயர்த்தார், ஹுசெர்லின் எழுபதாவது பிறந்தநாள் மலருக்காக, ஹுசெர்லும் தோமாவும் நேரில் உட்கார்ந்து பேசுவதுபோல ஓர் உரையாடல் எழுதினார். மலர் ஆசிரியர் ஹைடெக்கர் விரும்பாததால் அதைக் கட்டுரையாக மாற்ற வேண்டி வந்தது. 1942 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ் முகாமில் அவரைக் கொன்றார்கள்.

இன்னொரு வாசல் பாரிஸ். அங்கே சொர்போன் பல்கலைக்கழக மாணவர் எத்தியென் ஜில்சோன் ஆய்வுத் தலைப்பு தேடி லெவி-ப்ரூல் என்ற பேராசிரியரிடம் போனார். தெக்கார்த்தே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கியதாகச் சொல்கிறாரே, இடைக்காலத்தாரிடமிருந்து அவர் கடன் வாங்கியது எவ்வளவு என்று பார் என்றார் பேராசிரியர். அவர் யூதர், தோமாவைப் பரப்பும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. கடன் கணக்கை எழுதுவதற்காகத்தான் ஜில்சோன் தோமாவை முதன்முதலாகத் திறந்தார். தெக்கார்த்தேயின் சொற்களையும் கருத்துகளையும் வரிவரியாகப் பழைய ஆசிரியர்களிடம் தேடி, 1913-இல் அந்தக் கணக்கைப் புத்தகமாக்கினார். நவீனத் தத்துவத்தின் வேர்கள் இடைக்காலத்துக்குள் ஆழமாகப் போயிருந்தன. கடன் வாங்கியவரைவிடக் கடன் கொடுத்தவர்களே செல்வந்தர்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

1916-இல் வெர்தன் போர்முனையில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்ட ஜில்சோன் போர்க்கைதி முகாமிலும் படிப்பை விடவில்லை. அங்கே அவர் கையில் இருந்தது பொனவெந்தூராவின் நூல்கள். தோமாவின் சமகாலத்தவர், ஆனால் பல விஷயங்களில் தோமாவோடு ஒத்துப்போகாதவர். இடைக்காலம் என்றால் தோமா, தோமா என்றால் இடைக்காலம் என்ற கையேட்டுப் படத்தை ஜில்சோன் இப்படித்தான் கலைத்தார். பொனவெந்தூரா, டன்ஸ் ஸ்கோட்டஸ், ஆக்கம் ஊர் வில்லியம் என்று ஒவ்வொருவரும் தனிக்குரலோடு எழுந்து வந்தார்கள். 1929-இல் கனடாவின் டொரன்டோவில் இடைக்கால ஆய்வுக்கென்று ஒரு நிறுவனம் தொடங்க வழிகாட்டினார். இன்றும் இடைக்காலத்தைப் படிக்க விரும்புகிறவர்கள் தேடிப்போகும் இடம் அது.

1931 மார்ச்சில் பாரிஸில் பிரெஞ்சுத் தத்துவச் சங்கம் கூடியது. கிறிஸ்தவத் தத்துவம் என்ற ஒன்று உண்டா என்பது பொருள். கிறிஸ்தவக் கணிதம் என்று ஒன்று இல்லாததுபோல கிறிஸ்தவத் தத்துவமும் இல்லை என்று எமில் ப்ரெயே என்ற தத்துவ வரலாற்றாசிரியர் வாதாடினார். பகுத்தறிவால் நடப்பது தத்துவம், நம்பிக்கையால் நடப்பது மதம், இரண்டையும் கலக்காதே என்பது அவர் கட்சி. ஜில்சோன் வரலாற்றை எடுத்து வைத்தார். உலகம் படைக்கப்பட்டது, ஒவ்வொரு மனிதனும் தனி ஆள், இருப்பு என்பது வெறும் வடிவத்தைவிட மேலானது என்ற கருத்துகள் மதத்திலிருந்து வந்து தத்துவத்துக்குள் வேலை செய்திருக்கின்றன. அவற்றைப் பகுத்தறிவால் பரிசோதிக்கத் தடை ஏது? லூவேன் தோமாவியவாதிகளில் சிலரே இந்த விஷயத்தில் ஜில்சோனுக்கு எதிர்ப்பக்கம் நின்றார்கள். ஒரே ஆசிரியரைப் பின்பற்றுகிறவர்கள் இப்படிப் பிரிந்து நின்று வாதாடியது அந்த ஆசிரியருக்குச் செய்த உண்மையான மரியாதை.

ஜில்சோனோடு அந்தக் கூட்டத்தில் இருந்தவர் ஜாக் மாரித்தேன். அவர் கதை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சொர்போனில் படித்துக்கொண்டிருந்த மாரித்தேனும் ருஷ்யாவில் பிறந்த யூதப் பெண்ணான ராயிஸாவும் ஒரு நாள் பாரிஸின் தாவரப் பூங்காவில் நடந்தார்கள். வாழ்க்கைக்குப் பொருள் ஒன்று கிடைக்காவிட்டால் உயிரை விடுவது என்று முடிவெடுத்தார்கள். பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுத்த வறண்ட பொருள்முதல்வாதம் அவர்களை அந்த விளிம்புக்குக் கொண்டுவந்திருந்தது. பெர்க்சோன் என்ற தத்துவவாதியின் விரிவுரைகள் அவர்களைக் காப்பாற்றின. 1906-இல் இருவரும் திருமுழுக்குப் பெற்றார்கள். தோமாவை வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவர் ராயிஸா. அவர் படித்துச் சொன்ன பிறகே ஜாக் படித்தார். பாரிஸுக்குப் பக்கத்து மெயுதோனில் இருந்த மாரித்தேன்களின் வீட்டில் 1920-களிலிருந்து கவிஞர்களும் ஓவியர்களும் இசைக்காரர்களும் ஞாயிறுதோறும் கூடிப் பேசினார்கள்.

இந்த இயக்கத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. தோமாவின் பெயரைச் சொல்லிச் சர்வாதிகாரிகளுக்கு ஆசி வழங்கியவர்கள் இருந்தார்கள். மாரித்தேனே சில காலம் முடியாட்சி வேண்டிய 'அக்ஸியோன் ஃப்ரான்சேஸ்' இயக்கத்தின் பக்கம் சாய்ந்திருந்தார். 1926-இல் போப் அதைக் கண்டித்த பிறகு விலகினார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் புனிதப் போர் என்று கத்தோலிக்கர் பலர் கொண்டாடியபோது அவர் மறுத்தார். அதனால் பழைய நண்பர்களை இழந்தார். மனிதன் அரசின் உறுப்பு மட்டும் அல்ல, அரசுக்கு மேலான ஓர் இலக்கு உள்ள ஆள் என்று தோமாவிடமிருந்து அவர் கற்றது, அவரை மக்களாட்சியின் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் யுனெஸ்கோ மனித உரிமைகளின் அடிப்படை என்ன என்று உலகெங்கும் உள்ள சிந்தனையாளர்களிடம் கேட்டு எழுதியது. கடமையைச் செய்வதிலிருந்துதான் உரிமை பிறக்கிறது என்று காந்தி பதில் எழுதினார். மார்க்சியர்கள், தாராளவாதிகள், பல மதத்தார் எல்லோரும் எழுதினார்கள். அந்தத் தொகுப்புக்கு முன்னுரை எழுதியவர் மாரித்தேன். என்னென்ன உரிமைகள் என்பதில் இவர்கள் எல்லோரும் உடன்படுகிறார்கள், ஏன் என்று கேட்டால் மட்டுமே பிரிகிறார்கள் என்று அவர் கவனித்தார். காரணம் ஒத்துவராதவர்களும் காரியத்தில் சேர்ந்து நிற்க முடியும் என்பது அவர் நிலைப்பாடு. 1948 டிசம்பர் 10 அன்று மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. அதை வரைந்த குழுவில் முன்னணியில் இருந்த லெபனானின் சார்ல்ஸ் மாலிக்கும் தோமாவை ஆழ்ந்து படித்தவர்.

மறு ஆண்டு நியூயார்க்கில் ஒரு சந்திப்பு நடந்தது. ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைப் பார்க்க இத்தாலிய இயேசு சபைக் குரு ரொபெர்த்தோ பூசா காத்திருந்தார். தோமாவில் 'உடனிருத்தல்' என்ற கருத்தைப் பற்றி ஆய்வு செய்தவர் அவர். பெரிய சொற்களைத் தேடிப்போனவருக்கு, ரகசியம் 'இன்' என்ற சின்ன முன்னிடைச் சொல்லில் இருப்பது தெரிந்தது; நாம் 'இல்' என்று உருபு சேர்த்துச் சொல்வதைத்தான் லத்தீன் அப்படித் தனிச் சொல்லாகச் சொல்கிறது. 'இன்' வருகிற வாக்கியங்களைக் கையால் எழுதி எழுதி 10,000 அட்டைகள் சேர்த்தார். அப்படியானால் தோமாவின் எல்லாச் சொற்களையும் பட்டியலிட்டால் என்ன? கையால் ஆகிற காரியம் அல்ல. அதனால்தான் அமெரிக்கப் பயணம்.

இயந்திரங்களால் இது முடியாது என்று நிபுணர்கள் வாட்சனிடம் சொல்லியிருந்தார்கள். காத்திருப்பு அறையில் அதே நிறுவனத்தின் விளம்பர அட்டை ஒன்று பூசாவின் கண்ணில் பட்டது. கடினமானதை உடனே செய்வோம், முடியாததற்குக் கொஞ்சம் நேரமாகும் என்ற பொருளில் அதில் எழுதியிருந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போய் மேசையில் வைத்தார். வாட்சன் சம்மதித்தார்.

மிலானுக்குப் பக்கத்தில் கல்லராத்தே என்ற ஊரில் வேலை நடந்தது. இளம்பெண்கள் பலர் பயிற்சி பெற்று, லத்தீன் சொற்களை ஒவ்வொன்றாகத் துளை அட்டைகளில் ஏற்றினார்கள். அவர்களுடைய பெயர்கள் வெகுகாலம் யாருக்கும் தெரியாமல் இருந்தன. சமீப ஆண்டுகளில்தான் ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிப் பேட்டி கண்டிருக்கிறார்கள். இருந்தான், இருக்கிறான், இருப்பான் என்று வந்தாலும் 'இரு' என்ற ஒரே வினைக்குக் கீழே சேர வேண்டும் அல்லவா? லத்தீனிலும் அதே சிக்கல். ஒரு கோடியே பத்து லட்சம் சொற்களை இப்படி வேர் கண்டு அடுக்க முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1980 வாக்கில் 56 பெரிய தொகுதிகளாக அச்சாகி முடிந்தது. பின்னர் குறுந்தகட்டிலும் இணையத்திலும் வந்தது. நூல்களைக் கணினியில் ஏற்றித் தேடுகிற துறை முழுவதும் இன்று பூசாவைத் தன் முன்னோடி என்று கொண்டாடுகிறது.

இதற்கிடையில் குருமடங்களில் கோட்டை சரிந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, கையேடுகள் சில ஆண்டுகளிலேயே அலமாரிக்குப் போய்விட்டன. மனப்பாடம் செய்ய வைக்கப்பட்ட தலைமுறை மகிழ்ச்சியோடு மறந்தது. தோமாவின் காலம் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் அப்படி நினைக்காத இருவர் இருந்தார்கள். சோமர்வில் கல்லூரியில் சேர்ந்து பணியாற்றிய எலிசபெத் ஆன்ஸ்கோமும் ஃபிலிப்பா ஃபுட்டும். ஆன்ஸ்கோம் கத்தோலிக்கர், ஃபுட் நாத்திகர். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு போட உத்தரவிட்ட முன்னாள் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு 1956-இல் ஆக்ஸ்ஃபோர்டு கௌரவப் பட்டம் கொடுக்க முன்வந்தபோது ஆன்ஸ்கோம் எழுந்து எதிர்த்தார். குற்றமற்றவர்களைக் கொல்வதை ஒரு வழியாகத் தேர்ந்தெடுப்பது கொலை; நல்ல விளைவு அதை மாற்றாது என்றார். ஒரு செயலின் நோக்கம் என்றால் என்ன என்று அவர் அடுத்த ஆண்டு எழுதிய நூலும், நவீன அறவியலை விமர்சித்து 1958-இல் எழுதிய கட்டுரையும் இந்தப் போராட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. இரண்டுக்கும் பின்னால் அரிஸ்டாட்டிலும் தோமாவும் நிற்கிறார்கள். ஃபுட், ஆன்ஸ்கோமின் யோசனைப்படி தோமாவைப் படித்தார். அறவியலுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த ஊற்றுகளில் 'இறையியல் தொகுப்பு' ஒன்று, அது நம்புகிறவருக்கு எவ்வளவு பயன்படுமோ அவ்வளவு நாத்திகருக்கும் பயன்படும் என்று பின்னாளில் எழுதினார். கடைசிவரை நாத்திகராகவே இருந்தார்.

ஸ்காட்லாந்தில் பிறந்த அலஸ்டேர் மக்இன்டையர் மார்க்சியராகத் தொடங்கியவர். நம் காலத்து அறப் பேச்சு ஒரு பெரிய கப்பலின் உடைந்த பலகைகளைப் போலச் சிதறிக் கிடக்கிறது என்ற எண்ணத்தோடு 1981-இல் அறம் பற்றி ஒரு நூல் எழுதி, அரிஸ்டாட்டிலுக்குத் திரும்பச் சொன்னார். அங்கிருந்து தோமாவுக்கும் கத்தோலிக்க நம்பிக்கைக்கும் வந்தார். 1990-இல் வந்த நூலில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மூன்று எழுத்துகளை எதிரெதிரே நிறுத்தினார்: பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் ஒன்பதாம் பதிப்பு, நீட்ஷேயின் அறநெறி வரலாறு, லியோவின் 1879 சுற்றுமடல். மூன்றில் எது மற்ற இரண்டின் கேள்விகளுக்கும் முகம்கொடுக்கிறது என்பது அவர் வைத்த சோதனை. அந்தச் சோதனையில் சுற்றுமடலை ஆதரித்தார். ஆனால் சுற்றுமடலின் முதல் தலைமுறைச் சீடர்கள் தோமாவைத் தவறாகப் படித்தார்கள் என்றும் கூசாமல் சொன்னார். 2025 மே மாதம் தன் 96-ஆம் வயதில் இறந்தார்.

அதே மே மாதம் 8-ஆம் நாள் தேர்வான போப், லியோ என்ற பெயரை எடுத்துக்கொண்டார். தொழிற்புரட்சியின் கேள்விகளுக்குப் பதின்மூன்றாம் லியோ முகம்கொடுத்ததுபோல, செயற்கை நுண்ணறிவு எழுப்பும் கேள்விகளுக்கு இப்போது முகம்கொடுக்க வேண்டும் என்று காரணமும் சொன்னார்.

பழைய லியோ 1880-இல் தொடங்கிவைத்த பதிப்பு வேலை இன்னும் முடியவில்லை. முதல் தொகுதி 1882-இல் வந்தது. இரண்டு உலகப்போர்களைக் கடந்து, இப்போது பாரிஸில் ஒரு சிறு குழு அதைத் தொடர்கிறது. வேலையின் கடினமான பகுதி, தோமா சொந்தக் கையால் எழுதிய தாள்கள். எழுத்தர்கள் அந்தக் கையெழுத்துக்கு வைத்த பெயர் 'படிக்க முடியாத எழுத்து'. அவசரமாக ஓடும் சின்னச் சின்னக் கோடுகள், பாதியில் வெட்டிய சொற்கள். உலகத்தில் அதைச் சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் வெகு சிலரே. வத்திக்கான் நூலகத்தில் இருக்கும் அப்படியான ஒரு படியில், பிற மதத்தாரோடும் தத்துவவாதிகளோடும் அவர் வாதாடும் நூலின் ஒரு பகுதி இருக்கிறது. ஒரு பத்தியை எழுதுகிறார், குறுக்கே கோடிட்டு அடிக்கிறார், வேறு விதமாக எழுதுகிறார், அதையும் அடித்துவிட்டு மூன்றாவது முறை தொடங்குகிறார். பதிப்பாசிரியர்கள் அடிக்கப்பட்ட வரிகளையும் ஒன்று விடாமல் படித்து எழுதிவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.